இயற்கை வழியில் உடல்நலம்: ஏழு பழக்கங்களையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள்

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஏழு புதுப் பழக்கங்களை ஒன்றாகத் தொடங்கினேன். நடை, மூச்சுப் பயிற்சி, உப்புக் குறைப்பு, இரண்டு வகைக் காப்ஸ்யூல், முடிக்கு ஒரு மாத்திரை, மனதை அமைதிப்படுத்தும் என்று பாக்கெட்டில் எழுதியிருந்த ஒரு மூலிகைத் தேநீர். அப்போது வீட்டில் அளந்த ரத்த அழுத்தம் சராசரியாக 138/88. "மூன்று மாதம் பழக்கவழக்கத்தைச் சரிசெய்து பாருங்கள், இறங்காவிட்டால் மாத்திரை பற்றிப் பேசலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரைக்குப் பயந்துதான் அத்தனை வேகம்.

நான்காவது வாரம் 152/96. சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே எலாஸ்டிக் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து, மெதுவாக நிரம்பியது. ஏழில் எது காரணம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டபோது, "ஒன்றுமில்லை, எல்லாம் இயற்கையானதுதான்" என்றேன். எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். தேநீர்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பிடித்து, பொடி எழுத்துப் பட்டியலில் இரண்டாவது பெயரில் விரலை வைத்தார். அதிமதுரம். அதில் இருக்கும் கிளைசிரைசின் என்ற பொருள், அளவு மீறிப் போனால், உப்பையும் நீரையும் உடம்பில் தங்கவைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். நான் நாளுக்கு நான்கு கோப்பை குடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தி மூன்று வாரத்தில் வீக்கமும் வடிந்தது, அழுத்தமும் பழைய இடத்துக்கு இறங்கியது.

அதற்குப் பிறகு முதலிலிருந்து, ஒவ்வொன்றாக, எழுதி வைத்துக்கொண்டு தொடங்கினேன். அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். தூக்கம் சரியில்லை, எப்போதும் சோர்வு, அழுத்தமோ சர்க்கரையோ எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடை மெல்ல ஏறுகிறது என்ற நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கானது இது. நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, திடீரென்று பேச்சுக் குழறுவது, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம், இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். முதல் மூன்றுக்கும் கடைசிக்கும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் எட்டாவது படியில் சொல்லும் எதையும் தாமாகத் தொடங்க வேண்டாம்.

1. முதலில் ஒரு தடவை பரிசோதனை

இயற்கை வழிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். நானும் சோர்வு என்றதும் ஒரு சத்து மாத்திரையை வாங்கியவன்தான். சோர்வுக்குப் பின்னால் ரத்தசோகை இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், சர்க்கரை, பி12 குறைபாடு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது என்று எதுவும் இருக்கலாம். இவற்றில் எதையும் நடையோ தேநீரோ கண்டுபிடித்துத் தராது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: ரத்த அழுத்தம், முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, சர்க்கரைக்கு எச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு. சோர்வு அதிகமென்றால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பி12-உம். எல்லாமே எல்லாருக்கும் தேவைப்படாது, எது வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். "முழு உடல் பரிசோதனை" என்று மொத்தமாக விற்கும் பெரிய தொகுப்புக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். எண்பது அளவீடுகள் எடுத்தால், ஒன்றும் இல்லாதவருக்கும் இரண்டு மூன்று எல்லை தாண்டித்தான் வரும், அப்புறம் அதைத் துரத்திக்கொண்டு வேறு பரிசோதனைகள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் அதிக அளவில் இருக்கும். சில வகை ரத்தப் பரிசோதனைகளின் வேதிமுறையையே அது குழப்பிவிடும். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வதுபோல் ரிப்போர்ட் வரும். மாரடைப்பைக் கண்டறியும் டிராபோனின் அளவு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக்கூடத் தெரியும். நான்காவது வாரத்தில் எனக்கு எடுத்த தைராய்டு முடிவு அப்படித்தான் விபரீதமாக வந்தது. முடி மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் எல்லாம் சரி. ஒரே பரிசோதனைக்கு இரண்டு முறை பணம், நடுவில் நான்கு நாள் தூக்கம் கெட்டது தனி. ரத்தம் எடுக்கும் முன் பயோட்டின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். பொதுவாக இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அளவு அதிகமென்றால் இன்னும் முன்பே.

2. விழுங்குவது எல்லாவற்றுக்கும் ஒரு தாள்

வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். டாக்டர் எழுதித் தந்தவை, நீங்களாக வாங்கியவை, வலி மாத்திரை, சளி மாத்திரை, பொடி, தேநீர், புரதப் பவுடர். ஒவ்வொன்றுக்கும் பெயர், அளவு, எந்த நேரம், எதற்காக, எந்தத் தேதியிலிருந்து. யார் சொல்லி வாங்கினீர்கள் என்றும் ஒரு பத்தி போடுங்கள். என் தாளில் அந்தப் பத்தியைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது: பெரும்பாலானவற்றுக்கு "வீடியோ" என்று இருந்தது.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளடக்கப் பட்டியல் அங்கேதான் இருக்கும், முன்பக்கம் வெறும் விளம்பரம். பாக்கெட்டைத் தூக்கிப் போட்ட பிறகு என்ன சாப்பிட்டோம் என்று யாராலும் சொல்ல முடியாது.

தாள் தயாரானதும் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும். அவர்கள் தேடும் மோதல்கள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தால் ஏன் வற்புறுத்துகிறேன் என்பது புரியும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், உறுப்பு மாற்றுச் சிகிச்சை மருந்துகள் ஆகியவற்றின் வேலையைக் குறைத்துவிடும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் அதைவிட ஆபத்து. கிரேப்ஃப்ரூட் பழம் சில கொழுப்பு மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று கீரையைக் கூட்டினாலோ நிறுத்தினாலோ வைட்டமின் கே அளவு மாறி மருந்தின் கணக்கு தப்பும். இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் மூக்கடைப்பு மாத்திரைகளும் ரத்த அழுத்தத்தை ஏற்றும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

3. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள்

பொறுமை சோதிக்கும் வாரம் இது. நல்ல பழக்கத்தைத் தொடங்கக் கை துறுதுறுக்கும். ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் கிளம்பினால், நான்காவது வாரத்தில் முன்னேறினோமா பின்வாங்கினோமா என்பதே புரியாது.

ஒரு சாதாரண நோட்டு போதும். படுத்த நேரம், எழுந்த நேரம், இரவில் எத்தனை முறை விழித்தீர்கள், காபி தேநீர் எத்தனை, எந்த நேரத்தில், நடந்த நிமிடங்கள், அன்று உடம்பு எப்படி இருந்தது என்று 10-க்கு ஒரு மதிப்பெண். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு வாரம் ஒரு முறை. எடையை தினமும் பார்க்க வேண்டாம். உப்பும் நீரும் சேர்ந்து ஒரே நாளில் ஒரு கிலோ முன்னும் பின்னும் ஆடும், அதைப் பார்த்து மனம்தான் ஆடும்.

ரத்த அழுத்தம் பிரச்சினை என்றால் வீட்டில் அளப்பதில் கொஞ்சம் கண்டிப்பு தேவை. மணிக்கட்டுக் கருவியைவிட மேல்கைப் பட்டை நம்பகமானது. பட்டையின் அளவு உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும், சிறிய பட்டை பொய்யாகக் கூட்டிக் காட்டும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, சிகரெட், உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல், 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டை நெஞ்சு மட்டத்தில், சட்டைத் துணியின் மேல் அல்ல, வெறும் கையில். பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையிலும் இரவிலுமாக 7 நாள், முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி. வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது டாக்டரிடம் பேச வேண்டிய எண். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடும் தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவு.

பிடிக்காத எண் வந்தால் மறுபடி மறுபடி அளந்து, நல்ல எண் வந்ததும் அதை மட்டும் எழுதும் ஆசை வரும். எனக்கு வந்தது. நோட்டு அதோடு செத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒன்றை மட்டும் எடுங்கள்

ஒரு மாற்றம், குறைந்தது இரண்டு வாரம், அப்புறம் அடுத்தது. பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், புதுப் பழக்கம் தானாக நடக்க நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், கணக்குப்படி சிலருக்கு 254 நாள்வரை. நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே ஒரு நாள் தவறினால் திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் மறுநாளே தொடருங்கள்.

எதில் தொடங்குவது? என்னைக் கேட்டால் தூக்கம். தூக்கம் கெட்ட உடம்பு நடக்கவும் மறுக்கும், மாலையில் இனிப்பும் கேட்கும்.

5. தூக்கம்

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். எல்லாரும் படுக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தப் பார்ப்பார்கள். அது நம் கையில் இல்லை. எழுந்திருக்கும் நேரம் நம் கையில் இருக்கிறது. அலாரத்தை ஒரே நேரத்துக்கு வையுங்கள், விடுமுறை நாளிலும், இரவு மோசமாகப் போன நாளிலும். எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போங்கள். இரண்டு வாரத்தில் படுக்கும் நேரம் தானாக ஒழுங்குக்கு வரத் தொடங்கும். முதல் நான்கைந்து நாள் கண் எரியும், அதைத் தாண்டிவிட்டால் போதும்.

காஃபீன் பாதியாகக் குறைய சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 4 மணிக்குக் குடித்த காபியில் பாதி இரவு 9 மணிக்கும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும். "காபி குடித்தாலும் எனக்குத் தூக்கம் வரும்" என்று நானும் பெருமையாகச் சொன்னவன். தூக்கம் வந்தது, ஆனால் நோட்டில் இரவு விழிப்புகள் மூன்று நான்கு என்று இருந்தன. மதியத்துக்கு மேல் நிறுத்திய இரண்டாவது வாரம் ஒன்றாகக் குறைந்தது. மதுவும் அப்படித்தான், சீக்கிரம் தூங்கவைத்துவிட்டுப் பின்னிரவில் எழுப்பிவிடும்.

படுத்து இருபது நிமிடம்போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத எதையாவது செய்துகொண்டிருங்கள், கண் சொக்கினால் திரும்பப் படுங்கள். படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தால், படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று உடம்பு பழகிவிடும். கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள்.

வாரத்தில் குறைந்தது மூன்று இரவு, குறைந்தது மூன்று மாதம் இப்படியே போனால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு மாத்திரைக்கு முன்னால் தர வேண்டியது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சி) என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. சாதாரணமாக ஆறிலிருந்து எட்டு வாரம். படுக்கையில் கழிக்கும் நேரத்தையே முதலில் குறைத்து, பிறகு கூட்டும் முறையும் அதில் உண்டு. வண்டி ஓட்டும் வேலையில் இருப்பவர்கள், வலிப்பு அல்லது இருமுனை மனநோய் உள்ளவர்கள் அதைத் தனியாக முயலக் கூடாது.

பலமான குறட்டை, நடுவில் மூச்சு நிற்பதாகப் பக்கத்தில் படுப்பவர் சொல்வது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுவது, இவை இருந்தால் மேலே சொன்ன எதுவும் போதாது. தூக்கப் பரிசோதனை கேளுங்கள். அழுத்தம் இறங்காமல் அடம்பிடிப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

6. நடை, கூடவே கொஞ்சம் பாரம்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது. அந்த அளவு வேகம். 10,000 அடி என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தவிக்காதீர்கள். இப்போது எவ்வளவு நடக்கிறீர்களோ அதற்கு மேல் நாளுக்குப் பத்து நிமிடம் என்று தொடங்குங்கள். சாப்பிட்ட பிறகு அந்தப் பத்து நிமிடத்தை வைத்தால் சர்க்கரை ஏற்றமும் கொஞ்சம் தணியும்.

நடப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இரண்டாவது பாதியை. நாற்பதுக்கு மேல் தசை கரைவது நடையால் மட்டும் நிற்காது. கருவி எதுவும் வேண்டாம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, படியில் குதிகாலைத் தூக்கி இறக்குவது, இந்த மூன்றையும் பத்துப் பத்துத் தடவை, இரண்டு சுற்று. மூச்சை அடக்கிக்கொண்டு செய்யாதீர்கள், அழுத்தம் எகிறும்.

முதல் வார உற்சாகத்தில் ஒன்றரை மணி நேரம் நடந்து, குதிகால் வலியோடு மூன்று வாரம் உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

7. சாப்பாடு

பட்டியல் போட மாட்டேன், உங்கள் சமையல் உங்களுக்குத்தான் தெரியும். நான்கு அளவுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. காய்கறியும் பழமும் சேர்த்து 400 கிராம். நார்ச்சத்து 25 கிராம். சேர்க்கப்பட்ட சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள்.

உப்பில் ஏமாறும் இடம் பாக்கெட் உணவு. லேபிளில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று போட்டிருந்தால், அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 2,000 மில்லிகிராம் சோடியம் என்றால் அன்றைய 5 கிராம் முடிந்துவிட்டது. திடீரென்று உப்பில்லாமல் சமைத்தால் நான்காம் நாள் வீட்டில் கலகம் வரும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள், சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். பலருக்கு நல்லதுதான், ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை ஏற்றும் சில அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் அது இதயத் துடிப்பையே குலைக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நார்ச்சத்தை மெதுவாக ஏற்றுங்கள், தண்ணீரும் கூடவே. ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பி, இது ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவீர்கள். நச்சு நீக்கம் என்று மூன்று நாள் சாற்றை மட்டும் குடிக்கும் திட்டங்கள் வேண்டாம். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. சர்க்கரை மாத்திரை எடுப்பவர் இதைச் செய்தால் மயங்கி விழுவதற்கும் வாய்ப்பு உண்டு.

8. சப்ளிமென்ட், மூலிகை: கடைசியில்தான்

வேண்டுமென்றே எட்டாவது இடத்தில் வைத்தேன். நம்மில் பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறோம், பணமும் இங்கேதான் போகிறது.

குறைபாடு இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் வாங்குங்கள். இரும்பு குறையாதவருக்கு இரும்பு மாத்திரை மலச்சிக்கலைத்தான் தரும், இரும்பு தேங்கும் பரம்பரைக் கோளாறு உள்ளவருக்குக் கேடு. தேவைப்படுகிறவர் அதைக் காபி தேநீரோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாக ஏறாது. வைட்டமின் டி-க்கு நாளொன்றுக்கு 600 யூனிட், 70 வயதுக்கு மேல் 800 என்பது வழக்கமான பரிந்துரை. டாக்டர் சொல்லாமல் 4,000-ஐத் தாண்டக் கூடாது. தண்ணீரில் கரையும் சத்துகள் மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் என்று அலட்சியமும் வேண்டாம். பி6-ஐ நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் நரம்பு கெட்டு, பாதம் மரத்துப்போகும்.

சமையலில் சேர்க்கும் மஞ்சள் வேறு, காப்ஸ்யூலில் அடைத்த மஞ்சள் சாறு வேறு. உறிஞ்சப்படுவதைக் கூட்ட மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூல்கள், செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு, அஸ்வகந்தா, இவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன. எல்லாருக்கும் வராது. ஆனால் சிறுநீர் கருமஞ்சளாகப் போவது, கண் மஞ்சளாவது, தோல் அரிப்பு, பசியின்மை, குமட்டல் வந்தால் அன்றே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கடையில் நிற்கும்போது இவற்றைப் பார்த்தால் கீழே வைத்துவிடுங்கள்: ஒவ்வொரு பொருளின் அளவையும் தனித்தனியாகப் போடாமல் "தனிக் கலவை" என்று மொத்த எடை மட்டும், "பக்கவிளைவே இல்லை", ஒரே மருந்துக்குப் பத்து நோய்கள், தயாரிப்பாளர் முகவரி இல்லாமை, மூன்றே நாளில் மூட்டுவலி போகும் என்ற உறுதி. அவ்வளவு வேகமாக வலி போனால் உள்ளே சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். எடைக் குறைப்பு மாத்திரைகளில் சிபுட்ரமின், ஆண்மைக்கான மாத்திரைகளில் சில்டனாஃபில் என்று ரகசியமாகக் கலந்தவை சோதனைகளில் பிடிபட்டிருக்கின்றன. சில பாரம்பரிய மருந்துகளில் ஈயமும் பாதரசமும்கூட. தயாரிப்பாளர் அல்லாத ஆய்வகம் சோதித்த முத்திரை இருந்தால் உள்ளே இருப்பது லேபிளில் இருப்பதுதான் என்று ஓரளவு நம்பலாம். அது பலன் தரும் என்பதற்கு அந்த முத்திரை சாட்சி அல்ல.

அறுவை சிகிச்சை இருந்தால் மூலிகை மாத்திரைகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு வாரம் முன்பு நிறுத்தச் சொல்வது வழக்கம்.

9. செலவை எந்த வரிசையில் செய்வது

தூக்க நேரம், நடை, நாற்காலிப் பயிற்சி, மெதுவான மூச்சு (நிமிடத்துக்கு ஆறு முறை, பத்து நிமிடம்), உப்புக் குறைப்பு: இவற்றுக்குச் செலவே இல்லை. ஒரு முறை செலவு என்றால் காலுக்குப் பொருந்தும் செருப்போ ஷூவோ, அழுத்தக் கருவி, நோட்டு. பரிசோதனை தொடக்கத்தில் ஒன்று, மூன்று மாதம் கழித்து தேவையானவை மட்டும்.

மாதாமாதம் ஒழுகும் செலவுதான் கணக்கில் தெரியாது. என் அலமாரியில் பாதி தீர்ந்த டப்பாக்கள் பதினொன்று இருந்தன. ஒரு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றின் மாதச் செலவையும் 12-ஆல் பெருக்கிக் கூட்டினேன். நல்ல அழுத்தக் கருவி ஒன்றை வாங்கி, ஒரு வருடத்துப் பரிசோதனைகளையும் முடித்து, மிச்சமும் இருந்திருக்கும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் மாதச் சந்தாவில் எதையும் வாங்காதீர்கள். வேலை செய்யாததை நிறுத்த மனம் வந்தாலும், ரத்து செய்யும் பொத்தான் கண்ணில் படாது.

10. எதற்கு எவ்வளவு நாள்

உப்புக் குறைப்பின் பலன் அழுத்தத்தில் சில வாரத்திலேயே தெரியும். நடைக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம். கொழுப்பை ஆறு வாரத்துக்கு முன்னால் மறுபடி அளப்பதில் பயனில்லை. எச்பிஏ1சி கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் போல. ஆகவே மூன்று மாதத்துக்குள் ஓடிப்போய் எடுக்காதீர்கள். இரும்பு மாத்திரையில் ஹீமோகுளோபின் சில வாரத்தில் ஏறும், சேமிப்பு நிரம்ப இன்னும் மாதங்கள் ஆகும். நன்றாக இருக்கிறதே என்று நடுவில் விட்டால் பழைய இடத்துக்கே வந்து சேர்வீர்கள்.

இரண்டு வாரத்துக்கொரு முறை நோட்டைப் புரட்டுங்கள். எண் நகர்ந்திருந்தால் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு அடுத்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரவில்லையென்றால் அதற்குரிய காலம் முடிந்ததா என்று பார்த்து, முடிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

11. மாத்திரையைக் குறைக்க வேண்டுமென்றால்

அளவு நன்றாக வந்ததும் தோன்றும் முதல் எண்ணம், மாத்திரையை இன்றோடு நிறுத்தலாம் என்பது. வேண்டாம். பீட்டா பிளாக்கர் வகை அழுத்த மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் இதயத் துடிப்பும் அழுத்தமும் எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். மனச்சோர்வு, வலிப்பு, ஸ்டீராய்டு மருந்துகளையும் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். எண் நன்றாக இருப்பதற்கு அந்த மாத்திரையே காரணமாகவும் இருக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது முழு நோட்டையும் நீட்டாதீர்கள், அவருக்கு நேரமிருக்காது. ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: தொடக்கச் சராசரி, இப்போதைய சராசரி, என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில். பின்பக்கத்தில் விழுங்கும் பொருள்களின் தாள். பழைய ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில், புதியது மேலே. என் பக்கத்தில் தொடக்கம் 138/88, நான்கு மாதம் கழித்து 128/81 என்று இருந்தது. அவர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், அளப்பதை நிறுத்தாதீர்கள்" என்றார். எல்லாருக்கும் இப்படி முடியாது. என்னைவிட ஒழுங்காக நடந்து, உப்பைக் குறைத்தும், அழுத்தம் இறங்காமல் மாத்திரை எடுக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். மாத்திரை எழுதினால் வாங்கிச் சாப்பிடுங்கள், நடையும் தொடரட்டும்.

கேட்க வேண்டியவை மூன்று: எதைக் குறைக்கலாம், எப்படிக் குறைப்பது, எந்த எண் வந்தால் திரும்பி வர வேண்டும். மூன்றுக்கும் பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதியையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.